தொலைக்காட்சி நாடகங்களும் அவசர மருத்துவப் பணியாளர்களும்

விபத்து, மாரடைப்பு, தீக்காயம், பிரசவ வலி போன்ற நெருக்கடிகளில் நோயாளி இருக்கும் இடத்துக்கே சென்று முதல் சிகிச்சை அளித்து, அவரைப் பத்திரமாக மருத்துவமனையில் சேர்ப்பவர்கள் அவசர மருத்துவப் பணியாளர்கள். இவர்களுடைய பணியை மையமாகக் கொண்ட தொலைக்காட்சி நாடகங்கள் அமெரிக்காவில் 1972 முதல் வெளிவந்துகொண்டிருக்கின்றன. அந்த நாடகங்களை அதே பணியில் இருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எதை ஏற்கிறார்கள், எதைக் கண்டு சிரிக்கிறார்கள், எதற்குக் கோபப்படுகிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

இதை ரசனை சார்ந்த செய்தியாக மட்டும் கருத முடியாது. பெரும்பாலான மக்கள் ஒரு மனிதரின் இதயம் நின்றுபோவதையும், அதை மீண்டும் இயக்க முயல்வதையும் வாழ்வில் நேரில் பார்ப்பதில்லை, திரையில்தான் பார்க்கிறார்கள். பின்னொரு நாள் தம் வீட்டில் அப்படியொரு நிலை வரும்போது, திரையில் கண்டதே அவர்களுக்குத் தெரிந்த பாடமாக இருக்கிறது.

பணியாளர்களின் வகைகள்

அமெரிக்காவில் இப்பணியாளர்கள் முக்கியமாக இரு வகையினர். முதல் வகையினர் 'இ.எம்.டி.' எனப்படும் அவசர மருத்துவ நுட்புநர்கள். இவர்களுக்கு ஏறத்தாழ 150 முதல் 200 மணி நேரப் பயிற்சி உண்டு. மூச்சுப் பாதையைச் சரிசெய்தல், பிராண வாயு கொடுத்தல், இரத்தப்போக்கை நிறுத்துதல், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுதல் போன்றவற்றை இவர்கள் செய்வர். இரண்டாம் வகையினர் 'பாராமெடிக்' எனப்படுவோர். இவர்களுக்கு 1,000 மணிக்கும் மேற்பட்ட பயிற்சி தேவை. நரம்பு வழியாக மருந்து செலுத்துதல், இ.சி.ஜி. படித்தல், மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துதல் ஆகியவற்றையும் இவர்கள் செய்யலாம்.

இவ்வளவு கற்றவர்களை 'ஆம்புலன்ஸ் டிரைவர்' என்று அழைப்பது அங்கே அவர்களைப் பெரிதும் புண்படுத்தும். ஒரு நாடகத்தில் அந்தச் சொல் வந்துவிட்டால், எழுதியவருக்கு இத்தொழில் தெரியாது என்று பணியாளர்கள் அந்த இடத்திலேயே தீர்மானித்துவிடுவார்கள். தமிழ்நாட்டின் 108 சேவையில் ஊர்தியை ஓட்டுபவரை 'பைலட்' என்றும், நோயாளியைக் கவனிப்பவரை இ.எம்.டி. என்றும் தனித்தனியே குறிப்பிடுவதை நம் வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

முதல் நாடகம்: 'எமர்ஜென்சி!'

1960களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் சேவையை ஈமச்சடங்கு நிறுவனங்களே நடத்தின. படுக்க வைத்து ஏற்றிச் செல்லக்கூடிய நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. வண்டியில் வருபவருக்குப் பெரும்பாலும் முதலுதவிப் பயிற்சிகூட இராது. விபத்தில் சிக்கியோர் சரியான கவனிப்பின்றி இறப்பதை அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் 1966இல் ஓர் அறிக்கையில் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. அதன் பின்னர் மாற்றம் தொடங்கியது.

பிட்ஸ்பர்க் நகரில் 1967இல் தொடங்கப்பட்ட 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை முன்னோடிகளுள் ஒன்று. வேலை வாய்ப்பு மறுக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கு டாக்டர் பீட்டர் சாஃபரின் வழிகாட்டுதலில் உயர்தரப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்கள் சிறப்பாகப் பணியாற்றியும் 1975இல் அந்தச் சேவை மூடப்பட்டது. மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 1969இல் ஹார்பர் பொது மருத்துவமனையில் டாக்டர் மைக்கேல் கிரைலி தீயணைப்பு வீரர்களுக்குப் பாராமெடிக் பயிற்சி அளித்தார். மருத்துவர் அல்லாத ஒருவர் மருந்து செலுத்தச் சட்டம் இடம் கொடுக்க வேண்டுமல்லவா? அதற்கான வெட்ஸ்வொர்த்-டவுன்சென்ட் சட்டம் 1970இல் கலிஃபோர்னியாவில் நிறைவேறியது. அப்போது ஆளுநராக இருந்த ரொனால்ட் ரீகன் அதில் கையெழுத்திட்டார்.

இந்தப் பின்னணியில்தான் 1972 ஜனவரி 15 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் 'எமர்ஜென்சி!' தொடங்கியது. ஜாக் வெப்பின் நிறுவனம் தயாரித்தது. ராபர்ட் சினேடரும் ஹெரால்ட் ஜாக் புளூமும் உருவாக்கினர். ஜான் கேஜ், ராய் டிசோட்டோ என்ற இரு பாராமெடிக்குகளாக ராண்டால்ஃப் மாண்டூத்தும் கெவின் டைக்கும் நடித்தனர். முதல் படத்தின் கதையே மேற்சொன்ன சட்டத்தைப் பற்றியதுதான். பாராமெடிக் முறையை முதலில் எதிர்க்கும் மருத்துவர், நேரில் கண்ட பிறகு அதற்கு ஆதரவாகச் சாட்சி சொல்வதாகக் கதை அமைந்தது.

இந்நாடகத்தைப் பணியாளர்கள் இன்றும் மதிப்பதற்குக் காரணங்கள் உண்டு. கதைகளைத் தீயணைப்பு நிலையங்களின் உண்மைப் பதிவேடுகளிலிருந்து எடுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை அதிகாரி ஜேம்ஸ் பேஜ் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். தீயணைப்பு வண்டியை இயக்கும் மைக் ஸ்டோக்கர் நிஜத்திலும் தீயணைப்பு வீரர். தம் சொந்தப் பெயரிலேயே நடித்தார். நிலையத்துக்கு அழைப்பை அறிவிக்கும் குரலும் உண்மையான பணியாளருடையதே.

நாடகம் தொடங்கியபோது ஒரு சில ஊர்களில் மட்டுமே பாராமெடிக் சேவை இருந்தது. வாரந்தோறும் இதைப் பார்த்த மக்கள், நம் ஊரில் ஏன் இது இல்லை என்று கேட்கத் தொடங்கினர். இதைச் சிறுவயதில் பார்த்துவிட்டு இத்தொழிலுக்கு வந்ததாகச் சொல்லும் பாராமெடிக்குகள் ஏராளம். நாடகத்தில் பயன்பட்ட பொருள்கள் சில 2000ஆம் ஆண்டில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. ஒரு நாடகம் ஒரு தொழிலை வளர்த்தது என்பதற்கு இது அரிய எடுத்துக்காட்டு.

அதே மூத்த பணியாளர்கள் இதன் குறைகளையும் சொல்வார்கள். நோயாளிகளில் மிகப் பலர் பிழைத்துவிடுவார்கள். எழுத வேண்டிய அறிக்கைகள் ஏதும் இரா. கொடிய காட்சி ஒன்றைக் கண்ட பின்னும் நாயகர்கள் அடுத்த காட்சியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பின்வந்த நாடகங்கள்

மைக்கேல் கிரைட்டன் உருவாக்கிய 'ஈ.ஆர்.' 1994 செப்டம்பர் முதல் 2009 ஏப்ரல் வரை 331 பகுதிகள் ஒளிபரப்பானது. சிகாகோ நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவே கதைக்களம். உண்மையான அவசர மருத்துவர்களே அதன் எழுத்தாளர் குழுவில் இருந்ததால் மருத்துவ மொழி சரியாக அமைந்தது. ஆனால் ஊர்திப் பணியாளர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. இத்தகைய மருத்துவமனை நாடகங்களில் அவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நோயாளியின் வயது, இரத்த அழுத்தம் என இரண்டு வரி சொல்வார்கள். பிறகு காணாமல் போய்விடுவார்கள். வீட்டின் மூன்றாம் மாடியிலிருந்து நோயாளியை இறக்கி, வழியெல்லாம் உயிரைப் பிடித்துவைத்த அரை மணி நேரம் கதையில் இல்லை.

1999 முதல் 2005 வரை வந்த 'தேர்ட் வாட்ச்' நியூயார்க்கின் காவலர், தீயணைப்பு வீரர், பாராமெடிக் ஆகிய மூவரையும் சமமாகக் காட்டியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான எட்வர்ட் ஆலன் பெர்னெரோ முன்னாள் காவலர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், அக்டோபரில் அத்தொடர் கதையை நிறுத்திவைத்து, அன்று களத்தில் இருந்த உண்மையான பணியாளர்களைப் பேசவைத்து ஒரு பகுதியை ஒளிபரப்பியது.

2009இல் வந்த 'ட்ராமா' இதற்கு நேர் மாறானது. சான் ஃபிரான்சிஸ்கோ பாராமெடிக்குகளைப் பற்றிய இத்தொடர் முதல் பகுதியிலேயே இரு ஹெலிகாப்டர்கள் மோதி வெடிப்பதைக் காட்டியது. தங்கள் தொழிலைப் பொறுப்பற்ற சாகசக்காரர்களின் கூடாரமாகக் காட்டிவிட்டார்கள் என்று பணியாளர்கள் பலர் கொதித்தனர். தொடர் ஒரே பருவத்தோடு நின்றது.

2018இல் தொடங்கிய '9-1-1' தொடரில் சுனாமி வரும். கொலைகாரத் தேனீக் கூட்டமும் வரும். வியப்பு என்னவென்றால், இதன்மீது பணியாளர்களுக்குக் கோபம் குறைவு. இது கற்பனை என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அதனால் சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். உண்மை போலத் தோற்றமளித்துத் தவறாகச் சொல்லும் நாடகமே அவர்களுக்கு எரிச்சலூட்டுகிறது. சிகாகோ ஊர்திக் குழு ஒன்றைப் பற்றிய 'சைரன்ஸ்' என்ற நகைச்சுவைத் தொடர் 2014, 2015ஆம் ஆண்டுகளில் வந்தது. சாகசம் குறைவாகவும், அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தின் அரட்டையும் கிண்டலும் மிகுதியாகவும் இருந்த அதுவே தங்கள் அன்றாடத்துக்கு நெருக்கமானது என்று சொல்லும் பணியாளர்கள் உண்டு.

பணியாளர்கள் சுட்டிக்காட்டும் தவறுகள்

நிலையத்தில் காத்திருக்கும் வேளையில் இந்நாடகங்களைக் கூட்டமாகப் பார்த்து, தவறுகளை முந்திக்கொண்டு கூவிச் சொல்வது பல இடங்களில் ஒரு பொழுதுபோக்கு. அப்படி அடிக்கடி அகப்படுபவை இவை.

நேர்கோட்டுக்கு மின்னதிர்ச்சி: திரையில் இதயத் துடிப்புக் காட்டி நேர்கோடாகிறது, உடனே மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுக்கிறார், நோயாளி எழுந்துவிடுகிறார். உண்மையில் மின்னதிர்ச்சி நின்ற இதயத்தை ஓட்டிவிடும் கருவி அன்று. இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகித் தசை வெறுமனே நடுங்கும்போது, அந்தக் குழப்பத்தை ஒரு கணம் நிறுத்தி, இயல்பான துடிப்பு மீண்டும் தலையெடுக்க வழிவிடுவதே அதன் வேலை. நேர்கோட்டில் நிறுத்துவதற்குக் குழப்பமே இல்லை. அங்கே மார்பு அழுத்தமும் அட்ரினலின் மருந்துமே சிகிச்சை.

மடங்கிய முழங்கை: இதய நுரையீரல் மீட்பு, அதாவது சி.பி.ஆர்., செய்யும்போது கைகள் நேராக இருக்க வேண்டும். வயது வந்தவருக்கு மார்பு 5 முதல் 6 செ.மீ. வரை அமுங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். திரையில் முழங்கையை மடக்கி மெல்லத் தட்டுவார்கள்.

ஆபத்துக்குள் பாய்தல்: களத்துக்கு வந்ததும் முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பதே பயிற்சியின் முதல் பாடம். மின்கம்பி அறுந்து கிடக்கிறதா, எரிபொருள் கசிகிறதா, ஆயுதம் ஏந்தியவர் இருக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். நாடக நாயகன் எதையும் பார்க்காமல் ஓடுவான். அப்படி ஓடும் பணியாளர் தாமும் நோயாளியாகிவிட்டால் உதவி தேவைப்படுவோர் எண்ணிக்கை ஒன்று கூடும். புதியவர்கள் இதைப் பார்த்து வீரம் என்று நினைத்துவிடக்கூடாதே என்பதுதான் பயிற்றுநர்களின் கவலை.

பரபரப்பான அழைப்புகள் மட்டுமே: உண்மையில் வரும் அழைப்புகளில் பல, குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவர், சர்க்கரை குறைந்து மயங்கியவர், மூச்சு வாங்கும் இதய நோயாளி, துணைக்கு யாருமற்ற தனியர் ஆகியோருடையவை. படுக்கை கிடைக்கும்வரை மருத்துவமனை நடைகூடத்தில் நோயாளியுடன் காத்து நிற்பதிலும், அறிக்கை எழுதுவதிலும் பெரும்பொழுது கழியும்.

தவறுகள் ஏன் நேர்கின்றன?

எல்லாத் தவறும் அறியாமையால் வருவதன்று. முழங்கை மடங்குவதற்குக் காரணம், கீழே படுத்திருப்பவர் உயிருள்ள நடிகர். முறையாக அழுத்தினால் அவருடைய விலா எலும்பு முறியக்கூடும். முகக்கவசமும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தால் நடிகரின் முகபாவம் தெரியாது. அதனால் அவற்றைக் கழற்றிவிடுகிறார்கள். நிஜத்தில் அரை மணி நேரத்துக்கும் மேல் நீளக்கூடிய உயிர்மீட்பு முயற்சி கதையில் ஒரு நிமிடமாகச் சுருங்குகிறது. இதையெல்லாம் பணியாளர்கள் புரிந்துகொள்கிறார்கள். பெரும்பாலோர் மன்னித்தும் விடுகிறார்கள். ஆனால் விளைவைப் பொய்யாகக் காட்டுவதை மன்னிப்பதில்லை.

எண்கள் சொல்லும் செய்தி

விளைவு எவ்வளவு பொய்யாகக் காட்டப்படுகிறது என்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 1996இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, 'ஈ.ஆர்.', 'சிகாகோ ஹோப்', 'ரெஸ்க்யூ 911' ஆகிய மூன்று தொடர்களின் 97 பகுதிகளைப் பார்த்தது. அவற்றில் 60 முறை சி.பி.ஆர். காட்டப்பட்டது. 75% பேர் உடனடியாக உயிர்மீண்டார்கள். 67% பேர் வீடு திரும்புவதாகவே தோன்றியது. 'கிரேஸ் அனாட்டமி', 'ஹவுஸ்' தொடர்களைப் பற்றி 2015இல் வந்த ஆய்விலும் ஏறத்தாழ 70% பேர் பிழைத்தார்கள்.

உண்மை நிலை என்ன? அமெரிக்காவில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ 10 பேருக்கு ஒருவரே உயிருடன் வீடு திரும்புகிறார். அவர்களுள்ளும் சிலருக்கு மூளைப் பாதிப்பு நிலைத்துவிடுகிறது.

காயம்பட்டோர் பற்றி 2018இல் வந்த மற்றோர் ஆய்வு விந்தையான ஒன்றைக் காட்டியது. 'கிரேஸ் அனாட்டமி' தொடரின் 290 கற்பனை நோயாளிகளை 4,812 உண்மை நோயாளிகளுடன் அது ஒப்பிட்டது. இறப்பு விகிதம் திரையில் 22%, உண்மையில் 7%. நாடகம் கூடுதலாகவே கொல்கிறது! ஆனால் பிழைத்தவர்களில் நீண்டகாலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்டோர் திரையில் 6%, உண்மையில் 22%. அதாவது திரையில் ஒருவர் இறப்பார் அல்லது முழுமையாகக் குணமாவார். மாதக்கணக்கில் நடைபழகும் இடைநிலை அங்கே மிகக் குறைவு.

இதன் சுமை களத்தில் இறங்குகிறது. எண்பது வயது நோயாளிக்கு அரை மணி நேரம் மார்பை அழுத்தியும் பலனில்லாமல் நிறுத்தும்போது, 'ஏன் நிறுத்தினீர்கள்? அந்த ஷாக் மெஷின் எங்கே?' என்று குடும்பத்தார் கேட்கிறார்கள். பணியாளரின் மேல் அவநம்பிக்கை வருகிறது. சில வேளைகளில் கை நீளவும் செய்கிறது. இன்னொரு பக்கம், தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு உயிர்மீட்பு முயற்சி வேண்டுமா, அமைதியான முடிவு வேண்டுமா என்று குடும்பம் தீர்மானிக்கும்போது, திரையில் கண்ட 70% என்ற நம்பிக்கை அவர்களைத் தவறான பக்கம் இழுத்துவிடுகிறது.

பணியாளர்கள் வரவேற்கும் சித்திரிப்புகள்

கருவியும் மருந்தும் சரியாக இருப்பதைவிட, மனநிலை சரியாக இருப்பதையே பணியாளர்கள் அதிகம் பாராட்டுகிறார்கள். 'ஈ.ஆர்.' தொடரின் இரண்டாம் பருவத்தில் ஷெப் என்ற பாராமெடிக், தம் கூட்டாளி ராவுலைத் தீ விபத்தில் இழக்கிறார். அதன் பின் அவர் சிடுசிடுப்பவராக, கை ஓங்குபவராக மாறுகிறார். உதவி தேவை என்பதையும் ஏற்க மறுக்கிறார். சாகசத்துக்குப் பிறகு வரும் இந்த நிலையை அக்கால நாடகங்கள் அரிதாகவே காட்டின.

2025 ஜனவரியில் தொடங்கிய 'தி பிட்' இவ்வகையில் பெரும் வரவேற்பைப் பெற்றது. பிட்ஸ்பர்க் அவசரப் பிரிவு ஒன்றின் 15 மணி நேரப் பணி, ஒரு மணிக்கு ஒரு பகுதியாக 15 பகுதிகளில் விரிகிறது. நோவா வைல் நடித்த மூத்த மருத்துவர், கோவிட் காலத்தில் இழந்த ஆசானின் நினைவோடு போராடுகிறார். இடமின்றி நடைகூடத்தில் கிடக்கும் நோயாளிகள், மணிக்கணக்கில் காத்திருந்து பொறுமையிழந்த ஒருவர் தலைமைச் செவிலியரின் முகத்தில் குத்துவது, கழிவறைக்குச் செல்லக்கூட நேரமில்லாமை ஆகியவை அதில் உள்ளன. முன்னர் சொன்ன 'ஃப்ரீடம் ஹவுஸ்' சேவையில் பணியாற்றிய முதியவர் ஒருவர் நோயாளியாக வந்து அந்த வரலாற்றைச் சொல்லும் காட்சியும் உண்டு. பல பார்வையாளர்கள் அச்சேவையின் பெயரையே அதில்தான் முதன்முறை கேட்டார்கள். இத்தொடர் 2025இல் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது.

அவசரப் பிரிவில் இருப்போர் பலர் இதை 'மிகச் சரி' என்று பாராட்டினார்கள். வேறு சிலர், சரியாக இருப்பதாலேயே பார்க்க முடியவில்லை என்றார்கள். பன்னிரண்டு மணி நேரம் அதையே செய்துவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் அதையே பார்ப்பது ஓய்வாகாது. குறிப்பிட்ட ஒரு காட்சி, மறக்க முயலும் ஒரு குழந்தையின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரவும் கூடும். ஆகவே நாடகத்தைப் பார்த்து உரக்கச் சிரிக்கும் பணியாளரையும், எழுந்து வெளியே போய்விடும் பணியாளரையும் வெவ்வேறு மனிதர்களாக எண்ண வேண்டியதில்லை. கண்ட துயரத்தைத் தாங்கும் வழிகள் இரண்டு, அவ்வளவே.

பார்வையாளர் அறிய வேண்டியவை

இந்நாடகங்களைப் பார்க்க வேண்டாம் என்று பணியாளர்கள் சொல்வதில்லை. பார்க்கும்போது சில செய்திகளை நினைவில் கொள்ளுமாறே கேட்கிறார்கள்.

ஒருவர் திடீரென விழுந்து, அசைவும் இயல்பான மூச்சும் இல்லாமல் இருந்தால் உடனே அவசர எண்ணை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது 108, இலங்கையில் 1990. ஊர்தி வரும்வரை மார்பின் நடுவில் கைகளை நேராக நீட்டி, பலமாகவும் வேகமாகவும் அழுத்த வேண்டும். விலா எலும்பு முறியுமோ என்று அஞ்சி நிறுத்தக்கூடாது. எலும்பு பின்னர் கூடிவிடும். பிழைப்போர் 10இல் ஒருவர்தான் என்பது முயற்சியைக் கைவிடுவதற்கான காரணம் அன்று. அருகில் இருப்பவர் உடனே அழுத்தத் தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. முறையாக அழுத்தக் கற்றுக்கொள்ள ஒரு நாள் பயிற்சி போதும்.

முயற்சி பலிக்காமல் போனால், வந்தவர்கள் எதையோ செய்யாமல் விட்டார்கள் என்று முடிவு கட்டக்கூடாது. அவர்கள் கையில் இருப்பது திரைக்கதை அன்று. அந்த வீட்டை விட்டு இறங்கிய சில நிமிடங்களில், வண்டியைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு, அவர்கள் அடுத்த அழைப்புக்குப் போக வேண்டியிருக்கிறது.